கோபத்துக்கென்று ஒரு கோட்டு

நாற்பது பாகை வெயிலில், பக்கத்து வீட்டு யாக்கோப் கிழவர் முழங்கால் வரை நீண்ட கறுப்புக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு பின்வளவில் நிற்பார். அசைவில்லை, சத்தமில்லை. எங்கள் குசினி யன்னலையே பார்த்தபடி நிற்பார். பிறகு கோட்டைக் கழற்றி, மடித்து, உள்ளே போய்விடுவார். மெல்பேர்னில் பதினேழு வருசமாக எத்தனையோ விசித்திரம் கண்டவன் நான். இது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

ஊரில் எங்கள் வீட்டுக் கதை நாலு வளவுக்குக் கேட்கும். ஐயா கத்துவார், அம்மா திருப்பிக் கத்துவா, பத்து நிமிசத்தில் ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடிப்பார்கள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று நம்பி வளர்ந்தவன், இங்கே பகல் முழுக்கத் தொலைபேசியில் வாடிக்கையாளர்களிடம் 'நோ வொரிஸ்' என்று குழைந்துவிட்டு, அடக்கிய கோபத்தை மகள் ஆரணியின் தலையில் கொட்டினேன். பதினைந்து வயது. இரண்டு மாதமாக என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை, கேட்டால் தலையாட்டல்தான். காலடிச் சத்தம்கூட இல்லாமல் வீட்டுக்குள் நடந்தாள். பிள்ளை கைவிட்டுப் போகிறாள் என்று பயந்தேன். அந்தப் பயத்திலும் கத்தினேன்.

ஒரு ஞாயிறு பகல் வேலியடியில் கிழவரைக் கேட்டே விட்டேன். "சுகமில்லையா? டொக்டரிடம் கூட்டிப் போகவா?"

சிரித்தார். கோபம் வந்தால் முதலில் அதற்கென்று வைத்த உடுப்பைத் தேடிப் போட வேண்டும். தங்கள் யூத ஞானி ஒருவர் அப்படித்தான் செய்வாராம். போட்டு முடிவதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடும். மெதுவான மறுமொழி மிச்சத்தைத் திருப்பிவிடும் என்றார்.

"நீங்கள் தனி ஆள். யார்மேல் கோபம்?"

எங்கள் யன்னலைக் காட்டினார்.

"கோபத்தில் இருப்பவனை அந்த நேரம் சமாதானப்படுத்தப் போகாதே என்றும் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் உங்கள் கதவைத் தட்டவில்லை," என்றார். பிறகு மிகவும் பணிவாக, "உங்கள் மொழி எனக்குத் தெரியாது. அதில் மெதுவாகவும் பேசுவீர்களா?"

அந்தக் கோடையில் அவரைக் கோட்டோடு கண்ட நாட்களை எண்ண மனம் வரவில்லை. ஆனாலும் ரோசம் விடவில்லை. "ஏன் இல்லை? நிறையப் பேசுவோம்," என்றேன்.

உள்ளே போனேன். ஆரணி மேசையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்து, என்னால் முடிந்த மட்டும் மெதுவாக, "பிள்ளை, அப்பா ஒண்டு சொல்லட்டே?" என்றேன்.

அவள் முகம் வெளுத்தது. பேனையை வைத்துவிட்டு எழுந்து நின்றாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு வாய் திறந்தாள், அதுவும் தமிழில்.

"அப்பா, ஊரிலை ஆர் செத்தது?"

ஊரில் எல்லாரும் சுகம். ஆனால் அங்கிருந்து சாவுச் செய்தி வந்த நாட்களைத் தவிர, இந்த வீட்டில் நான் தமிழை மெதுவாகப் பேசியதே இல்லை.