காத்தான் மூக்குக்குச் சுற்றிய மிளகாய்

மலைமேல் இருந்த திருப்புலி நாட்டில் காத்தானின் மூக்குக்குத் தனிப் பேர் இருந்தது. பலா மரத்தடியில் நின்று மூச்சை இழுத்தால், மேலே எந்தக் காய் பழுத்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். கேழ்வரகுக் காட்டில் காவலுக்குப் போகிறவர்கள் அவனை விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். கரடி வேலியைத் தாண்டுமுன்பே வாடை பிடித்துக் குரல் கொடுப்பான். இதையெல்லாம் அவன் அக்கா பாவாயி சொல்லக் கேட்க வேண்டும். தானே அந்த மூக்கைச் செய்து வைத்தவள் போலச் சொல்வாள்.

அந்த மூக்குதான், அவன் பலா மரத்திலிருந்து விழுந்தபோது உடைந்தது. எலும்பு உள்வாங்கிக் கோணிக்கொண்டது. மூச்சு அடைத்தது, வாசனையும் போயிற்று. பச்சிலையும் பத்தும் போட்டு ஒரு வருஷம் பார்த்தார்கள். பிறகு பாவாயி அவனை அடிவாரத்துப் புளியஞ்சோலை வழியாக இறக்கி, திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வெள்ளைக்காரனின் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. மண்ணெண்ணெய்கூடக் கிடைக்காத நாளில் டாக்டர் கிடைத்ததே பெரிய காரியம்.

அறுவை முடிந்து, மூக்கில் அடைத்திருந்த துணியை உருவிய பிறகு, டாக்டர் பாவாயியிடம் எல்லாவற்றையும் சொல்லியனுப்பினார். மூக்கைச் சிந்தக் கூடாது, குனியவோ சுமை தூக்கவோ கூடாது, தலையை உயர்த்திப் படுக்க வேண்டும், புகை ஆகாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து விட்டுவிட வேண்டும். கண்ணுக்குக் கீழே கறுப்பதும், மூக்கு மரத்துக் கிடப்பதும், உள்ளே பொருக்குக் கட்டி அடைப்பதும் பயப்படுகிற விஷயமில்லை.

"வாசனை திரும்புமுங்களா?"

"திரும்பலாம், அம்மா. மாதக்கணக்கில் ஆகும். உள்ளே நல்லபடியாக ஆற வேண்டும். அது உங்கள் கையில்தான் இருக்கிறது."

அந்தக் கடைசிச் சொல்லைப் பாவாயி மடியில் முடிந்துகொண்டாள். மலையேறும்போது அவனை நடக்கவிடவில்லை. ஆள் பிடித்துத் தூளி கட்டித் தூக்கிவரச் செய்தாள். வீட்டுக்குள் இருந்த அடுப்பை அணைத்துவிட்டு, வெளியே கல் கூட்டிச் சமைத்தாள். கஞ்சியை வடிகட்டி, ஆறவைத்துக் கொடுத்தாள். வைக்கோல் திணித்த கோணியை அவன் முதுகுக்கு முட்டுக் கொடுத்தாள். சளி சிந்தப்போகிறான் என்று கையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பக்கத்து வீட்டு முனியாயி பார்க்க வந்தாள்.

"ஏ பாவாயி, கோணக் கத்தரிக்காயாட்டம் இருந்த மூக்கு, இப்பப் பாரு, ராசா மூக்கு! எங் கண்ணே பட்டுரும் போல."

"அப்பக் கண்ண மூடிக்கிட்டுப் பேசுங்க அத்தை," என்றான் காத்தான்.

எல்லாரும் சிரித்தார்கள். பாவாயிக்கு மட்டும் அந்த 'ராசா மூக்கு' நெஞ்சில் தைத்தது. பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. முனியாயி போனதும் உப்பும் மிளகாயும் எடுத்தாள். உறங்கிக்கொண்டிருந்த தம்பியின் தலையைச் சுற்றினாள். சுற்றியதை வீட்டு அடுப்பில்தான் போட வேண்டும். வெளியே போட்டால் கண் வாசலிலேயே நிற்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. டாக்டர் சொன்ன புகை நினைவுக்கு வராமல் இல்லை. 'மூக்குதான் அடைத்துக் கிடக்கிறதே, நெடி எங்கே ஏறப்போகிறது?' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அணைந்த அடுப்பில் நெருப்பை வைத்து, சுற்றியதைப் போட்டாள்.

அவன் வாயால் அல்லவா மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்? நெடி தொண்டையைப் பிடித்தது. பதறி எழுந்தவன் கையால் வாயைப் பொத்திக்கொண்டே தும்மினான். ரத்தம் கொட்டியது.

அவனை முன்னால் சாய்த்து உட்காரவைத்து, ரத்தத்தை விழுங்காமல் துப்பச் சொல்லி, நனைத்த துணியை நெற்றியில் வைத்தாள். ஒருவழியாக நின்றது. சத்தம் கேட்டு முனியாயி ஓடிவருமுன் அடுப்பைச் சாம்பல் தள்ளி மூடிவிட்டாள்.

"என்னடி ஆச்சு?"

"தூக்கத்துல தும்மிட்டானுங்க."

"எல்லாம் கண்ணுடி! அப்பவே சுத்திப் போட்டிருக்கோணும்."

பாவாயி துணியை மறுபடி நனைத்துவர எழுந்துபோனாள்.

வீக்கம் வடிந்தது. மூச்சு சீராக வந்தது. வாசனை மட்டும் வரவில்லை. "ஏதாச்சும் மணக்குதா சாமி?" என்று தினமும் கேட்டாள். ஊர் அவளைத் தாயைவிட மேல் என்று புகழ்ந்தது. புகழ்ச்சி கேட்கும்போதெல்லாம் அவள் அந்த அடுப்பைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள்.

பலாப் பருவத்தில் ஒருநாள் காத்தான், "வருதக்கா, பழம் மணக்குது!" என்றான். பழம் எதிரிலேயே இருந்தது. நம்பத்தான் ஆசை. ஆனாலும் எதையும் சரிபார்க்காமல் விடுகிறவள் அல்ல அவள். மறுநாள் ஒரு கூடையைக் கவிழ்த்துவைத்து, "உள்ள என்ன, சொல்லு" என்றாள்.

அவன் மூச்சை இழுத்தான். "பலாச் சுளை."

"வெறுங்கூடை, சாமி."

அவன் தலையைச் சொறிந்தான். "நீ தினமும் கேக்கற. உன் மூஞ்சியப் பாக்க முடியல."

அவள் கூடையைத் தள்ளிவைத்தாள். "அன்னிக்கு அடுப்புல மிளகாயப் போட்டது நாந்தான்."

"தெரியும். மூக்கு அடைச்சிருந்துச்சு, கண்ணுமா அடைச்சிருந்துச்சு? என்னமா எரிஞ்சுது!"

"அப்பறம் ஏன்டா கேக்கல?"

"கேட்டா நீ அழுதுகிட்டு உக்காந்திருப்ப. கஞ்சி யாரு வடிகட்டறது?"

மறுபடி திருச்சிக்குப் போனார்கள். டாக்டர் கேட்குமுன்பே பாவாயி மிளகாய்க் கதையைச் சொல்லிவிட்டாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள்; திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர் உள்ளே பார்த்துப் பொருக்கை எடுத்தார். "புண் ஆறியிருக்கிறது. அந்தத் தும்மல் கெடுத்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. இன்னும் பொறுத்துப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

இன்னொரு மழைக்காலம் போயிற்று. புளியஞ்சோலையிலிருந்து இருவரும் மலையேறிக்கொண்டிருந்தார்கள். காத்தான் சட்டென்று நின்றான்.

"அக்கா, நில்லு. கரடி."

"இனிமே எனக்காகப் பொய் சொல்லாத, சாமி."

அவன் சிரிக்கவில்லை. அவள் தோளைப் பிடித்துப் பாறைக்குப் பின்னால் இழுத்தான். காற்று மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. வளைவுக்கு அப்பால் கல் உருண்டது. முதுகில் குட்டியோடு ஒரு கரடி வழியைக் கடந்து புதருக்குள் போயிற்று.

ஊர் வந்து சேர்ந்ததும் விஷயம் கேட்ட முனியாயி கையைத் தட்டினாள். "மூக்கு வந்துருச்சா! எடுடி உப்பு மிளகாய, சுத்திப் போடலாம்!"

"வேண்டாங்க அத்தை," என்றாள் பாவாயி. "அன்னிக்கு நாஞ் சுத்திப் போட்டுத்தான் அவனுக்கு ரத்தம் வந்துச்சு."