புது வீட்டில் பாதாம் பால்

என் வீட்டுச் சமையலறையில் பசும்பால் நுழையாது என்று நான் முடிவு செய்தபோது, அந்த வீட்டுக்குக் கூரைகூட ஏறியிருக்கவில்லை. ஈப்போவுக்கு வெளியே புதிதாக எழும்பிய தாமான் குடியிருப்பில் ஒற்றை மாடி வரிசை வீடு. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். சொந்தமாக வீடு வாங்கியதும் நான்தான். அந்த வீட்டில் எல்லாம் என் விருப்பப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே எனக்கு நெஞ்செரிச்சல் உண்டு. வேலைக்கு வந்த பிறகு அலுவலகத் தோழி ஒருத்தி காரத்தன்மை உணவு முறையைச் சொன்னாள். மிளகாய்க் காரமல்ல, அமிலத்துக்கு எதிரான காரம். கீரை, வெள்ளரி, பாதாம் நல்லது. இறைச்சியும் சீனியும் கூடாது. பால் விஷயத்தில் மட்டும் அந்த முறையைப் பின்பற்றுகிறவர்களுக்குள்ளேயே ஒத்துவராது. காய்ச்சாத பால் பரவாயில்லை என்பார் ஒருவர், மோர் குடிக்கலாம் என்பார் இன்னொருவர், பாலும் தயிரும் அமிலமே என்று அடித்துச் சொல்வார் வேறொருவர். எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்யப் பிடிக்காது. எல்லாவற்றையும் விட்டேன். எரிச்சலும் குறைந்தது. அதற்குப் பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்த அம்மாவைப் பார்க்கப் போனால், அவர் ஆசையாகக் கலந்து தரும் பால் தேநீரைத் தள்ளி வைத்துவிட்டு, அது எலும்பை அரிக்கும் என்று பாடம் நடத்துவேன். அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு போய்த் தானே குடித்துவிடுவார்.

அப்பா இறந்த பின்னும் அம்மா அந்த லயத்திலேயே இருந்தார். ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்து, கடைசியில் நிலத்தையே விற்றுவிட்டார்கள். லயத்தை இடிக்கப் போவதாகச் சொல்லியாகிவிட்டது. அம்மாவுக்குப் போக வேறு இடம் இல்லை. என்னோடு வந்துவிடச் சொன்னேன்.

"புது வீட்ல பால் பொங்கட்டும் பாப்பா, வாரேன்" என்றார்.

பால் காய்ச்சுவதற்கு முதல் நாள், நல்ல பாலாக வாங்கி வரட்டுமா என்று அம்மா கேட்டார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பாதாமை ஊறவைத்து, தோலுரித்து, அரைத்து, துணியில் வடிகட்டினேன். பார்வைக்குப் பால் மாதிரியே வெள்ளையாக இருந்தது. காய்ச்சினால் பொங்குமா என்று முன்கூட்டியே பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

விடியற்காலையில் சொந்தக்காரர்கள் வந்து கூடம் நிறைந்தது. அம்மா பித்தளைப் பானையைப் புளி போட்டுத் தங்கம் மாதிரி துலக்கி வைத்திருந்தார். அவருடைய தங்கை, என் சின்னம்மா, அதற்கு மஞ்சள் கட்டினார். நான் பாலை ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தேன். பால் பொங்கிக் கிழக்கே வழிந்தால் வீட்டுக்கு நல்லது. எல்லார் கண்ணும் பானையின் அந்த விளிம்பில்தான் இருந்தது.

பொங்கவில்லை. கெட்டியானது. பிறகு திரிதிரியாகி, அடிப்பிடித்து, கருகல் வாடை வந்தது.

சின்னம்மா எட்டிப் பார்த்தார். "என்னக்கா இது, ஆசிட் ஊத்துன ரப்பர் பாலு மாரி இருக்குலா?"

அக்காவும் தங்கையும் ஒரே தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர்கள். யாரோ சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

"நாந்தான். சரியா அலசல, புளி நின்னுருக்கும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தாலி அறுத்தவ நான் பானையத் தொட்டுருக்கக் கூடாது" என்றார்.

அப்படியெல்லாம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என்னைக் காட்டித் தங்கள் பிள்ளைகளைப் படிக்கச் சொல்கிறவர்கள் அத்தனை பேரும் அங்கே நின்றிருந்தார்கள். அடுப்பை அணைத்து, பானையைத் துணியில் பிடித்துத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

அம்மா பின்னாலேயே வந்தார். என் கையிலிருந்து பானையை வாங்கி, குழாயடியில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்துவிட்டு மோந்து பார்த்தார். மறுபடியும் தேய்த்தார். புளி வாடையைத் தேடுகிறார் என்று புரிந்தபோதுதான் அது பாதாம் பால் என்று அவரிடம் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கையையும் நிறுத்தவில்லை.

"வெளிய சொல்லாத பாப்பா. படிச்ச புள்ளன்னு பாக்க வந்துருக்காங்க, சிரிப்பாங்க. எம்மேலயே இருந்துட்டுப் போவட்டும்."

பழி அவர் மேல் இருந்தால் என் பேர் கெடாது என்று அவர் கணக்குப் போட்டுவிட்டார். அடுப்படியில் வாயைத் திறக்காமல் நின்றபோது நான் போட்டதும் அதே கணக்குதான்.

கூடத்துக்குப் போய்ச் சொன்னேன். அது பாலே இல்லை, பாதாம் அரைத்தது, அம்மாவுக்குத் தெரியாது என்றேன். சின்னம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அடி இவளே, பாயாசம் கிண்டவா எங்கள இருட்டுல எழுப்பி வரச்சொன்ன?"

வீடே சிரித்தது. சித்தப்பா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், சாலை முனையில் எந்நேரமும் திறந்திருக்கும் மாமாக் என்னும் தமிழ் முஸ்லிம் உணவகத்தில் பால் வாங்கி வந்தார். அது பொங்கிக் கிழக்கே வழிந்தது. கூப்பிட்டும் அம்மா அடுப்படிக்கு வரவில்லை. பின்வாசலில் நின்றபடி, "பொங்கிச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறார். நெஞ்செரிச்சல் திரும்பி வந்தபோது கிளினிக்கில் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரத்தத்தின் அமில அளவைச் சாப்பாடு மாற்றாது, அதை நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்ளும் என்றார். முன்பு எனக்குக் குணம் தந்தது, தூங்கப் போகும் முன் சாப்பிட்டுவந்த, காரமும் எண்ணெயுமான மீ கோரேங் நூடுல்ஸை நிறுத்தியதாக இருக்கலாம் என்றார்.

வீட்டில் பால் இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் அம்மாதான் சமைக்கிறார். பாலை மட்டும் அடுப்பில் வைக்க மாட்டார். அன்றைக்குக் கெட்டது உன் கையால் இல்லை அம்மா என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"தெரியும்லா. இருக்கட்டும், நீயே வை" என்கிறார்.

ஆகவே வேலைக்குக் கிளம்பும் முன் நான் பாலை வைக்கிறேன். அது எழும்பி வரும்வரை அடுப்பை விட்டு நகர்வதில்லை. கூடத்தில் அம்மா டம்ளரோடு காத்திருப்பார்.