கீழே ரெண்டு கம்பி

முதலில் துணி என்றுதான் நினைத்தேன். எங்கள் பக்கம் வேலியில் துணி தொங்குவது அதிசயமில்லை. பன்றி வராமலிருக்கப் பழைய சேலைகளை வயலைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். காற்றில் அவை அசைவதைப் பார்த்தால் பன்றி ஆள் என்று நினைக்குமாம். அன்று காற்றில்லை. துணி மட்டும் அசைந்தது. மேலே எழும்பி, கீழே தணிந்து, மறுபடி எழும்பி. கிட்டே போனபோதுதான் தெரிந்தது, அது மூச்சு.

பங்குனி மாதம். ஆறு மணியாகப் பத்து நிமிடம் இருந்தது. தாமல் ஏரிக்குக் கீழே எங்களுக்கு அரை ஏக்கர் இருக்கிறது. குத்தகைக்கு எடுத்தவள் வேர்க்கடலை போட்டிருந்தாள். அன்று என் மகளுக்குச் சென்னையில் நேர்முகத் தேர்வு. ஒரு வருடமாக எழுதி எழுதி, காத்துக் காத்து, கடைசியில் வந்த அழைப்பு. எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வீட்டில் இருந்தால் அவளையும் பதற வைப்பேன் என்று விடியுமுன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டேன். நான் அப்படித்தான். மனம் ஓட ஆரம்பித்தால் கூடவே கால்களும் ஓட வேண்டும்.

நரி. பின்னங்கால் ஒன்று கீழிரண்டு கம்பிகளுக்கு நடுவே போய்ச் சிக்க, தாண்டுகிற வேகத்தில் கம்பிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி முறுக்கியிருந்தன. இரண்டு முறுக்கு. எண்ணினேன், எதையும் எண்ணுவது கணக்கு டீச்சரின் வியாதி. கால் மேலே, உடம்பு கீழே, முகம் என் பக்கம். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது.

அந்தக் கீழிரண்டு கம்பியும் என் வாயால் வந்தவை. மூன்று வருடம் முன்பு வேலிக்காரர் கல்தூண் நட்டு ஐந்து முள்கம்பி இழுத்தபோது, நிழலில் நின்றுகொண்டு நான் சொன்னேன்: "ஆடு தல விடாத மாதிரி கீழ ரெண்டு கம்பிய நெருக்கிக் கட்டுங்கபா." அவர் நெருக்கிக் கட்டினார். நெசவுக்காகத் தெருவில் காலையில் நீட்டிப் போட்ட பட்டு நூல் பாவு போல வேலி மின்னியது. பாவைப் பத்து மணிக்குள் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இதை யாரும் சுருட்டப்போவதில்லை என்பது அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. நரி முகத்தில் விழித்தால் நினைத்தது நடக்கும் என்று கேட்டே வளர்ந்தவள் நான். யாருக்காவது எதிர்பாராமல் நல்லது நடந்தால் "இன்னிக்கு நரி மூஞ்சில முழிச்சியா?" என்பதுதான் எங்கள் ஊரில் முதல் கேள்வி. கடைகளில் கழுதைப் படத்தை மாட்டி, "என்னைப் பார் யோகம் வரும்" என்று எழுதி வைப்பார்கள். கழுதைக்கே அவ்வளவு என்றால் இது நரி. உயிரோடு. ஓட முடியாமல். இந்த நாளில்.

வீட்டுக்கு போன் செய்தேன்.

"அவ எழுந்துட்டாளா?"

"தல சீவிக்கினு இருக்கா. நீ எங்க போய்ட்ட?" என்றார் கணவர்.

"கூட்டிக்கினு நேரா தாமலுக்கு வாங்க. வேலியில நரி மாட்டிக்கினு இருக்குது. மூஞ்ச நேரா பாக்கலாம். பாத்துட்டு ஹைவேலயே சென்னை பஸ் ஏறிக்கட்டும்."

"அவதான் எழுந்ததும் என் மூஞ்ச பாத்துட்டாளே?"

"அதனாலதான் கூட்டியாரச் சொல்றேன்."

சிரித்தார். நானும் சிரித்தேன். நரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

போனை வைத்த கொஞ்ச நேரத்தில் குத்தகைக்காரி வந்தாள். என் வயதுதான் இருக்கும். நிலத்துக்கு வருமுன் பத்து வருடம் ஒரு தறிக்கார வீட்டில் பட்டு நூலைச் சிக்கெடுத்து இழைத்தவள். தூரத்திலேயே பார்த்துவிட்டாள்.

"ஐயையோ! எப்ப மாட்னது டீச்சர்? இருங்க, மோட்டார் ரூம்ல கொறடு இருக்குது, எடுத்தாறேன்."

"கொஞ்சம் இரும்மா," என்றேன். "பொண்ணு வந்துக்கினு இருக்கா. ஒரு தபா பாத்துடட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். இன்றைக்கு என்ன நாள் என்பது அவளுக்கும் தெரியும். வரப்பில் உட்கார்ந்தாள்.

காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து இருபத்தைந்து நிமிடம். அதற்குள் என்ன ஆகிவிடும்?

ஆனது இதுதான். என் கணவர் நல்ல மனிதர். நல்லதைத் தனியாக வைத்துக்கொள்ளத் தெரியாதவர். கிளம்புமுன் எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். எந்த வேலி, எந்தப் பக்கம், மகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன், வருகிறவர்கள் வரலாம் என்று எல்லாம். அது எந்த வழியாகச் சுற்றியதோ, தாமல் டீக்கடைக்கு அவருக்கு முன்பே வந்து சேர்ந்தது. முதலில் இரண்டு பைக். பிறகு ஒரு ஆட்டோ. பிறகு குளிக்காமலே கடைச்சாவிக் கொத்தோடு வந்த ஒருவர், பல் துலக்கிக்கொண்டே வந்த ஒருவர், கைக்குழந்தையின் கண்ணைக் கையால் பொத்தித் தூக்கிவந்த ஒரு அம்மா. நரிக்கு எதிரே வந்துதான் கையை எடுக்க வேண்டுமாம்.

ஒவ்வொருவர் வரும்போதும் அது ஒருமுறை துள்ளியது. சில துள்ளலுக்குக் கம்பி இன்னொரு சுற்று ஏறியது. அந்தச் சத்தம் கல்தூண் கல்தூணாக ஓடி, என் கை பிடித்திருந்த தூணில் வந்து நின்றது. காதால் கேட்டதைவிடக் கையால் அதிகம் கேட்டேன்.

"மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்கிச்சுபா."

"ஒரு கல்லு போடு, திரும்பும்."

"உன் மூஞ்சில போடட்டா?"

"போட்டோவுல பாத்தா பலிக்குமா?"

"பலிக்கும். போட்டோவுலயே காசு வரும், வெச்சிக்கோ."

சிரிப்பு. இன்னொரு துள்ளல். கம்பி காலின் தோலைக் கிழித்து உள்ளே போயிருந்தது. நாக்கு வெளியே வந்து மண்ணைத் தொட்டது.

"தள்ளிப் போங்க!" என்று கத்தினேன். வகுப்பறையில் நாற்பது பேரை அடக்குகிற குரல். அங்கே அது ஒருவரையும் அசைக்கவில்லை. சாவிக் கொத்துக்காரர் மட்டும் திரும்பி, பணிவாகத்தான் சொன்னார்:

"உங்க பொண்ணுக்காகத்தான டீச்சர் அவுக்காம வெச்சிருக்கீங்க? நாங்களும் ஒரு தபா பாத்தா கொறஞ்சிடுமா?"

 அவர் கேட்டதில் தப்பு இல்லை. 

"இது செத்துடும் டீச்சர்," என்றாள் குத்தகைக்காரி. என் அனுமதியைக் கேட்கவில்லை. பன்றித் தொல்லைக்காக அவள் வாங்கி வைத்திருந்த வனக்காவலர் நம்பரை அடித்து, ஸ்பீக்கரில் போட்டாள். மணி ஆறரை.

"கம்பிய யாரும் வெட்டாதீங்க," என்றது அந்தக் குரல். "பக்கத்துலதான் இருக்கறேன், வந்துக்கினே இருக்கறேன். கூட்டத்த நகத்துங்க. பின்னாடியால போயி ஒரு துணியப் போட்டு அது கண்ண மூடுங்க. எதுவும் தெரியலன்னா அடங்கும். வாய்கிட்ட மட்டும் கை வெக்காதீங்க."

அந்தக் கடைசிப் பேச்சின்போதுதான் என் மகள் வந்து இறங்கினாள். இஸ்திரி மடிப்புக் கலையாத சுடிதார், மார்போடு அணைத்த ஃபைல். என் கணவர் கூட்டத்தைப் பார்த்து, "இத்தினி பேரா?" என்றார். 

நான் அவள் கையைப் பிடித்தேன். "வா, இந்தப் பக்கம் நில்லு. மொதல்ல மூஞ்ச பாத்துக்கோ."

அவள் கம்பியைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். பிறகு ஃபைலை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, துப்பட்டாவைத் தோளிலிருந்து எடுத்தாள். நான் ஏதோ சொன்னேன், என்ன என்று நினைவில்லை. வேலியைச் சுற்றிப் பின்பக்கமாகப் போனாள். குனிந்தாள். அந்தப் புதுத் துப்பட்டாவை விரித்து, நரியின் தலைமேல் மெல்ல விட்டாள்.

"யம்மா, யம்மா, மூடாத!"

"இன்னாமா இது, செவிலிமேட்டுலருந்து வரேன், இப்பதான் வண்டிய நிறுத்தறேன்!"

"ஒரு நிமிசம் தூக்குமா. ஒரே நிமிசம்."

அவள் தூக்கவில்லை. துணியின் இரண்டு ஓரங்களையும் மண்ணோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். துணிக்குள் மூச்சு முதலில் படபடத்தது. பிறகு கொஞ்சம் தணிந்தது. அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை: கூட்டம் கரைந்தது. முகம் இல்லாத நரியால் யாருக்கும் உபயோகமில்லை. வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கைக்குழந்தையின் அம்மா மட்டும் போகும்போது திரும்பி, "பாவம்," என்றாள். யாரைச் சொன்னாளோ.

வனக்காவலர் பைக்கில் வந்தார். தோல் கையுறை, கம்பி வெட்டி, ஒரு சாக்கு. குனிந்து காலைப் பார்த்துவிட்டு, நிமிராமலே கேட்டார்.

"எப்பமா பாத்தீங்க?"

"இப்பதான் சார்," என்றேன். "ஆறேகால் இருக்கும்."

என் மகள் தலை தூக்கி என்னைப் பார்த்தாள். ஆறு மணிக்கு முன்பே நான் போன் செய்தபோது அவள் தலை சீவிக்கொண்டிருந்தாள்.  அவள் விரல்கள் துணியின் ஓரத்தை இன்னும் இறுக்கின.

அவர் வெட்டியைக் கம்பியில் வைத்தார். குத்தகைக்காரி பாய்ந்து வந்தாள்.

"சார், சார், அங்க வெட்டாதீங்க! முறுக்கோட இருக்குது. வெட்னா சுருட்டிக்கினு கால வாங்கிடும்."

"பின்ன?"

"பட்டு சிக்கு விழுந்தா வெட்டறோமா? இழுக்கறோமா? மொதல்ல ரெண்டு முனையும் தொய்ய உடணும் சார். அப்பறம்தான் சிக்கு எடுக்கணும்."

அவர் வெட்டியைக் கீழே வைத்தார். "சரிம்மா. தொய்ய உடு."

அந்தப் பக்கத் தூணுக்கு அவள் மோட்டார் ரூம் குறடோடு ஓடினாள். இந்தப் பக்கத் தூணுக்கு நான். கம்பியைத் தூணோடு கட்டிய கட்டுக்கம்பி மூன்று வருடத் துருவில் இறுகிக் கிடந்தது. என் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்த சின்னக் குறடு வழுக்கியது. முள் ஒன்று உள்ளங்கையில் ஏறியது. அவசரப்பட்டு ஒருமுறை இழுத்துவிட்டேன். துணிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அது நாய்க்குரலும் இல்லை, நரி ஊளையும் இல்லை. காலை முழுக்க அது போட்ட ஒரே சத்தம்.

"இழுக்காத டீச்சர்!" அவளுக்கு மரியாதை மறந்துபோயிருந்தது. "சுத்து! வந்த வழியே சுத்து!"

சுற்றினேன். கட்டு விட்டது.

"உட்டுட்டேன்!"

"நானும் உட்டாச்சு!"

கம்பி தொய்ந்தது. வனக்காவலர் கையுறைக் கையால் முறுக்கைப் பின்னோக்கித் திருப்பினார். ஒன்று. இரண்டு. நான் எண்ணாமல் இருக்க முயன்றேன். மூன்று. நான்கு. என் மகளின் முதுகு அசையவில்லை. ஐந்து. ஆறு. ஏழாவதில் கால் வெளியே வந்தது.

நான் முதலில் பார்த்தபோது இரண்டு.

"எலும்பு ஒடையல போல," என்றார். "நரம்பு எப்படின்னு தெரியல. சாக்குல போட்டு டாக்டர்கிட்ட..."

அதற்குள் அது எழுந்துவிட்டது. மூன்று காலால். துப்பட்டாவோடு நாலைந்து அடி ஓடி, விழுந்து, துணியை உதறி, மறுபடி எழுந்து, கடலைச் செடிகளுக்கு நடுவே ஏரி வாய்க்காலின் கோரைக்குள் போனது. எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அவர் பின்னாலேயே போய் வெகுநேரம் தேடினார். கிடைக்கவில்லை.

என் மகள் கடைசிவரை அதன் முகத்தைப் பார்க்கவில்லை. பின்பக்கமாகப் போனவள்.

ஹைவேயில் அவளோடு பஸ்ஸுக்கு நின்றேன். முழங்காலில் மண், துப்பட்டா இல்லை, கையில் ஃபைல். நேரமாகியிருந்தது. பஸ் தூரத்தில் தெரிந்தபோது கேட்டாள்.

"ஆறேகாலாமா?"

பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள்.

அந்த வேலை கிடைக்கவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவளாகவே ஒருநாள் சொன்னாள். நான் கேட்டிருக்கவில்லை.

அடுத்த வாரம் கீழிரண்டு கம்பியையும் வேலி முழுக்கக் கழற்றிப் போட்டேன். ஆடு வந்தது. இரண்டு வரிசைக் கடலையைத் தின்றுவிட்டுப் போனது. குத்தகைக்காரி திட்டித் தீர்த்தாள். "பாவம் பாத்தா இன்னா பண்றது, எனக்குப் பாவம் பாக்க யார் இருக்காங்க?" என்றாள். திட்டிக்கொண்டே பழைய சேலைகளைக் கேட்டாள். என் பீரோவிலிருந்து ஆறு கொடுத்தேன். கம்பி போன இடத்தில் அவற்றை நீளமாகக் கிழித்துக் கட்டினாள். ஆடு அதற்கு எவ்வளவு பயப்படும் என்று சொல்ல முடியாது. ஏதோ பயப்படுகிறது.

இப்போதும் தூக்கம் வராத காலைகளில் போகிறேன். போகும்போது முதலில் பார்ப்பது கம்பியைத்தான், ஒவ்வொரு தூணாக, கடைசித் தூண் வரைக்கும்.  போன மாதம் மழைக்குப் பிறகு, வாய்க்கால் ஓரத்து மூலையில், என் பச்சைச் சேலைக்கு அடியில் மண் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஏதோ ஒன்று அந்த வழியாகப் போய்வருகிறது. ஈரத்தில் தடம் இருந்தது. மூன்று ஆழமாக. நான்காவது, பட்டும் படாமலும்.

நாயாகவும் இருக்கலாம். குனிந்து வெகுநேரம் பார்த்தேன். கை தன்னால் போன் இருந்த பைக்குப் போனது. எடுக்கவில்லை. பின்னால் வரப்பில் யாரோ பேசிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. எழுந்து, செருப்புக் காலால் அந்த நான்கு தடங்களையும் ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, மோட்டார் ரூம் பக்கம் நடந்தேன்.