தபால் குமாஸ்தாவுக்குப் படையல்

என் கணவர் அழுது நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். சமீபத்தில், ஹூஸ்டன் பக்கம் பேர்லேண்டில் எங்கள் வீட்டுச் சமையலறையில், போனைப் பார்த்துக்கொண்டே அழுதார். மாமியாருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போனேன். "அவரு போயிட்டாருடி," என்றார். எவர் என்று எனக்குப் புரியவே அரை நிமிடம் ஆனது. போனவர் ஒரு பிரிட்டிஷ் நடிகர்.

நடிகர் என்றால் கதாநாயகன்கூட இல்லை. இங்கிலாந்தில் ஏதோ ஒரு சின்ன ஊரை வைத்துப் பல வருடங்கள் ஓடிய நகைச்சுவைத் தொடரில் தபால் ஆபீஸ் குமாஸ்தாவாக வருவார். ஒரு எபிசோடுக்கு இரண்டு நிமிடம், மிஞ்சினால் மூன்று. வரிசையில் நிற்கும் ஆள் கவுண்டரை நெருங்கும் நேரம் பார்த்து ஷட்டரை இறக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. நாங்கள் ஹூஸ்டனுக்கு வந்த புதிதில் வீட்டில் கேபிள் கிடையாது. ஆன்டெனாவில் கிடைத்த ஒரு சேனலில் சனிக்கிழமை சாயங்காலம் இந்தத் தொடரைப் போடுவார்கள். என் வீட்டுக்காரர் அதில் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஆபீஸில் இருந்த தமிழ் ஆட்கள் நாலைந்து பேரும் சேர்ந்துகொண்டார்கள். வாரா வாரம் எங்கள் அபார்ட்மென்டில்தான் ஜமா. நான் பஜ்ஜி போடுவேன், அவர்கள் சிரிப்பார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், அந்த மனிதர் நன்றாகவே நடித்தார். என் வயிற்றெரிச்சல் அவர் மேல் இல்லை.

அந்த நாட்களில்தான் என் அப்பா இறந்தார். ஈரோட்டில் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மழை அடித்துக் கம்பி அறுந்தது என்று ஆள் வந்தால், பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகிற ஆள். அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்க நான் போகவில்லை. கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த நேரம் அது. "இப்ப நாட்டை விட்டு வெளிய போனா அப்ளிகேஷன் செத்துடும். ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க," என்றார் இவர். வக்கீலைக் கேட்கலாமே என்றேன். "வீக்கெண்ட்ல எந்த லாயர் போன் எடுப்பான்?" என்றார். அங்கே அப்பாவுக்குத் தம்பி கொள்ளி வைத்தான். இங்கே நான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஐந்து வருடம் கழித்து, வேறொரு வேலையாகப் போனபோது அதே வக்கீலிடம் இதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். என் விசா அப்போது செல்லுபடியாகத்தான் இருந்தது, தாராளமாகப் போய்விட்டு வந்திருக்கலாம், அப்ளிகேஷனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்றார். நம் ஆட்களுக்கு வக்கீல் சொல்வது வேதமில்லை, லஞ்ச் டேபிளில் எவனாவது சொல்வதுதான் வேதம். அதை நம்பி எத்தனை பேர் பெற்றவர்கள் முகத்தைப் பார்க்காமல் இருந்தார்களோ தெரியாது. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "ஓ, அப்படியா?" என்றார். பிறகு இரவுச் சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்டார்.

போகாததைக்கூட எப்படியோ விழுங்கிவிட்டேன். இவர் வாயிலிருந்து ஒரு ஆறுதல் வார்த்தை வரும் என்று காத்திருப்பதைத்தான் விட முடியவில்லை. பெரிதாக ஒன்றும் வேண்டாம். "உங்கப்பா நல்ல மனுஷன்" என்று சொன்னால் போதும். பதினெட்டு வருடமாக இதற்குக் காத்திருக்கிறேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நடிகருக்கு அடுத்த சனிக்கிழமையே எங்கள் வீட்டில் அஞ்சலிக் கூட்டம் என்று வாட்ஸ்அப் குழுவில் முடிவானது. இவர் அவர் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து ஃபிரேம் போட்டார். இந்தியக் கடைகள் இருக்கும் ஹில்கிராஃப்ட் வரை கார் ஓட்டிப் போய் மாலை வாங்கி வந்தார். சந்தனப் பொட்டு, குங்குமம் எல்லாம் ஆயிற்று. படையலும் வேண்டும் என்றார்: கப் அண்ட் சாஸரில் பால் விட்ட டீ, தட்டில் நாலு பிஸ்கட். "குத்துவிளக்கு எங்க வெச்சே?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். என் அப்பாவின் படம் என் துணி அலமாரிக்குள் இருக்கிறது. ஹாலில் மாட்டினால் வருகிறவர்களுக்கு மூட் அவுட் ஆகும் என்று இவர்தான் சொன்னார். அப்பா திதி அன்று வடை பாயசம் செய்து, காக்காய்க்குப் பதிலாக பேக்யார்டில் கறுப்பாக வந்து உட்காரும் ஏதோ ஒரு பறவைக்கு வைக்கிறேன். "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று வருடம் தவறாமல் கேட்டுக்கொண்டே சாப்பிடுகிறார்.

பழைய ஆட்கள் எல்லோரும் வந்தார்கள். தலை நரைத்திருந்தது, தொப்பை கூடியிருந்தது. ஆளுக்கு ஒரு ஞாபகம் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. வேலை போன வாரத்தில் தன்னைச் சிரிக்க வைத்தது அந்தக் குமாஸ்தாதான் என்றார் ஒருவர். இவர் முறை வந்தது. படத்தைக் காட்டினார். "நான் இந்த ஊருக்கு வந்தப்ப எனக்குன்னு யாருமே இல்ல. இவர்தான் இருந்தாரு," என்றார். அதே ஃபிளைட்டில், பக்கத்து சீட்டில் வந்தவள் நான்.

இவரை அண்ணா என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடும் நண்பர் என் பக்கம் திரும்பினார். "அண்ணி, நீங்களும் ஒண்ணு சொல்லணும். பஜ்ஜி போட்டுக்கிட்டே எல்லாத்தையும் பாத்தவங்களாச்சே."

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். வாய் கேட்கவில்லை.

"ஒரு சனிக்கிழமை, நீங்க எல்லாரும் இருந்தீங்க. போன் வந்துச்சு. அப்பா போயிட்டாருன்னு தம்பி சொன்னான். போனைக் கையில வெச்சுக்கிட்டே வந்து இவர்கிட்ட சொன்னேன். டிவிய விட்டுக் கண்ண எடுக்கல. 'அஞ்சு நிமிஷம் இரு, இது முடியட்டும்'னாரு. நான் பெட்ரூம்ல போய் உக்காந்துக்கிட்டேன். நீங்க எல்லாரும் சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. உங்க நடிகர்னா எனக்கு அதுதான் ஞாபகம்."

வந்தவர்களில் ஒருவரின் மனைவி மட்டும் என் தோளைத் தொட்டார். இவர் முகம் மாறியதைப் பார்த்தேன். வாயைத் திறந்தார். வந்துவிட்டது, இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"நாலாவது சீசன், கடைசி எபிசோடு," என்றார். "கடிகாரம் வர்றது."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அந்தச் சாயங்காலம் இவருக்கு அச்சுப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. என் அப்பா மட்டும் அதில் இல்லை.

"அதையே போடலாமா?" என்றார் நண்பர். பேச்சை மாற்ற ஏதாவது கிடைத்தால் போதும் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். இவர் ரிமோட்டை எடுத்து நேராகக் கடைசி ஐந்து நிமிடத்துக்குப் போனார். நானும் எழுந்து போகவில்லை. என் அப்பா அந்த ஐந்து நிமிடம் எதற்காகக் காத்திருந்தார் என்று நானும் பார்க்க வேண்டாமா?

குமாஸ்தா சுவர்க் கடிகாரத்தைச் சரி செய்ய ஒரு ஸ்டூலைக் கொண்டுவருகிறார். ஸ்டூல் ஆடுகிறது. வரிசையில் நிற்பவர்கள் ஓடி வந்து ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவர் நிதானமாக ஏறி, முள்ளை ஆபீஸ் மூடும் நேரத்துக்குத் திருப்பி வைக்கிறார். இறங்கி ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து நன்றி சொல்கிறார். பிறகு ஷட்டரை இறக்குகிறார்.

நான் சிரித்துவிட்டேன். அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. பல்லைக் கடித்தும் சிரிப்பு வந்தது. அப்பா, என்னை மன்னித்துவிடு என்று உள்ளே சொல்லிக்கொண்டே சிரித்தேன்.

இவர் என் கையைப் பிடித்தார். நாலு பேர் முன்னால் பிடித்ததே இல்லை. கண் இரண்டும் ஈரமாக இருந்தது.

"பாத்தியா?" என்றார், அத்தனை பிரியமாக. "அன்னைக்கு நீயும் ஒரு அஞ்சு நிமிஷம் உக்காந்து பாத்திருக்கலாம்."