முதலில் வந்தவன் வண்டி

அரியலூர்த் திரையரங்கு ஒன்றில் டார்ச் அடித்து இருக்கை காட்டுவது அய்யம்பெருமாளின் வேலை. கைப்பேசியில் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்பவர்களைப் பிடிப்பதும் சில ஆண்டுகளாக அதனுடன் ஒட்டிக்கொண்டது. பிடிப்பவருக்கு என்ன பாதுகாப்பு என்பதை மட்டும் எவரும் சொல்லவில்லை. அவருக்கு முன்பு இருந்த தங்கசாமி, ஒருவனைச் சட்டையைப் பிடித்திழுத்து அறையில் பூட்டினார். வழக்கு அவர்மீதே பாய்ந்தது, வேலையும் போயிற்று. தை மாதம் மகள் சுவாதிக்குத் திருமணம். ஆகவே அய்யம்பெருமாள் எவரையும் தொடுவதில்லை.

புதுப்படம் வெளியான அன்று, பகல் காட்சி. பெரம்பலூரிலிருந்து வந்த கோகுலகிருஷ்ணனின் சட்டைப்பையிலிருந்து கைப்பேசி திரையையே பார்த்துக்கொண்டிருந்தது. இடைவேளையில் அய்யம்பெருமாள் மேலாளரிடம் சொன்னார். மேலாளர் காவல் நிலையத்துக்குப் பேசிவிட்டு, "வர்ற வரைக்கும் ஆள வுட்றாதீங்க" என்றார்.

"எம்மேல கேசு வராதுங்களே?"

"அதெல்லாம் வராது."

"எழுதிக் குடுங்களேன் சார்."

மேலாளர் ஏசியைப் பார்க்கப் போய்விட்டார்.

சந்தேகம் தட்டிய கோகுலகிருஷ்ணன் வண்டி நிறுத்துமிடத்துக்கு விரைந்தான். நல்ல இருக்கைக்காக முதல் ஆளாக வந்தவன் அவன். வண்டி சுவரோரம் நின்றது. முதல் நாள் கூட்டத்துக்கு, வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மலர்கொடி அவற்றைக் கைப்பிடியோடு கைப்பிடி கோத்து அடுக்குவாள். படம் விடாமல் ஒன்றும் நகராது.

"யக்கா, அவசரம், வண்டிய எடுங்க!"

"உன் வண்டிய எடுக்கணும்னா மொதல்ல அரியலூரையே எடுக்கணும் தம்பி."

கூடவே வந்த அய்யம்பெருமாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "நடந்து போறதுன்னா போங்க. யாரும் தடுக்கல."

வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத வண்டி. அவன் போகவில்லை.

காவலர் ஜோதி ஸ்கூட்டரில் வந்து இறங்கியதும் அவனே முந்திக்கொண்டான். "மேடம், இந்தாளு என்னைய அடைச்சு வச்சுட்டாரு! கேசு போடுங்க."

அய்யம்பெருமாளுக்குக் கல்யாணப் பந்தல் கண்ணெதிரே சரிந்தது.

"எந்த ரூம்ல வச்சு?" என்றார் ஜோதி.

"ரூம் இல்லிங்க."

"கையப் புடிச்சாரா?"

"இல்லிங்க."

"பெறவு எதுதான்யா அடைச்சு வச்சுது?"

அவன் வண்டிகளைக் காட்டினான். ஜோதி கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். இடைவேளை வரையிலான படம் அப்படியே இருந்தது. நடுநடுவே அவன் முறுக்குக் கடிக்கும் ஓசையும் இருந்தது. 'தடுத்து வைத்தவர் எவருமில்லை' என்று எழுதிக்கொண்டு, ஸ்டேஷனுக்குக் கிளம்பத் திரும்பினார். ஸ்கூட்டரைக் காணவில்லை.

"வெயில்ல நிக்குதேன்னு உள்ள தள்ளிட்டேன் மேடம்" என்றாள் மலர்கொடி. ஸ்கூட்டருக்கு முன்னால் அடுத்த காட்சிக்கு வந்தவர்களின் வண்டிகள் இரண்டு வரிசை ஏறியிருந்தன. "அடுத்த ஷோ வுட்டதும் எடுத்துரலாம்."

கைப்பேசியை ஜோதி தம் பையில் வைத்துக்கொண்டார். அதுவரை படம் பார்க்கலாமென்று மூவரும் உள்ளே போனார்கள். அய்யம்பெருமாள் வழக்கம்போல் டார்ச் அடித்தார்.

"பாத்து வாங்க தம்பி, படி இருக்கு."