வாசிக்கப்படாத ஓலை

போன மாதம் அண்ணன் பேத்திக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கக் கள்ளக்குறிச்சியில் இ-சேவை மையத்துக்குப் போயிருந்தேன். கணினி முன்னால் இருந்த பெண் தலை நிமிராமல், "மதம் இன்னா போடட்டும்?" என்றாள். சாதாரணக் கேள்விதான். நான் கையிலிருந்த ஜெராக்ஸ் தாள்களைத் திருப்பித் திருப்பி அடுக்கினேன். பின்னால் நின்றவர் இருமிய பிறகுதான் "கிறிஸ்டியன்" என்றேன், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல.

ஜெராக்ஸ் மெஷினிலிருந்து வரும் சூடான வாசனை எனக்கு எப்போதும் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சை ஞாபகப்படுத்தும். எண்பதுகளில் அங்கே நான் ஆபரேட்டர். டிரங்க் கால் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெளியூருக்குப் பேச வேண்டுமானால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நாங்கள்தான் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஒயரைச் செருகி, "லைன்ல இருக்காங்க, பேசுங்க" என்று சொல்லிவிட்டு, பேச்சைக் கேட்காமல் விலகுவோம். விலக வேண்டும் என்பது விதி. எல்லா நாளும் விலகினேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

எக்ஸ்சேஞ்ச் ஜன்னலைத் திறந்தால் மேற்கே கல்வராயன் மலை தெரியும். எனக்கு இருபத்தாறு வயது. அந்த வயதில் கல்யாணமாகாத பெண்ணுக்கு அந்த மலையைப் பார்த்துக்கொண்டிருக்க நிறைய நேரம் கிடைக்கும். ஒருவழியாகத் திருக்கோவிலூரில் ஒரு மாப்பிள்ளை அமைந்தது. வீட்டில் டேவிட், சர்ட்டிபிகேட்டில் தேவராஜ். அப்போது பலர் வீட்டில் இப்படித்தான். தாழ்த்தப்பட்ட சாதிக்காரர் கிறிஸ்தவர் என்று எழுதிக்கொடுத்தால் அந்தச் சாதிக்குரிய வேலைச் சலுகை போய்விடும். எங்கள் அப்பா மட்டும் பள்ளியில் சேர்க்கும்போதே கிறிஸ்தவர் என்று எழுதிவிட்டார். அதனால் அண்ணனுக்கு வேலை தட்டிப்போனது. எனக்கு எப்படிக் கிடைத்தது என்று இன்றும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் எங்கள் முதல் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று சபை முன் போதகர் மூன்று வாரம் அறிவிப்பார். அந்த வாரம் பார்த்துத்தான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. சாலைக்குக் குறுக்கே புளிய மரங்களை வெட்டிப் போட்டார்கள். பஸ் ஓடவில்லை. வெட்டியவர்களும் தங்கள் பிள்ளைகளுக்கு வேலைதான் கேட்டார்கள். யார் பக்கம் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. என் ஓலை நின்றுபோகுமோ என்பதுதான் என் கவலை.

வியாழக்கிழமை மத்தியானம் திருக்கோவிலூரிலிருந்து ஒரு கால், எங்கள் போதகர் ஞானமணி ஐயாவுக்கு. "பேசுங்க" என்றேன். விலகவில்லை. பேசியது டேவிட்டின் அப்பா.

"ஐயா, ஊரு முழுக்க இப்ப சர்டிபிகேட் பேச்சாத்தான் கீது. பையனுக்கு வேலை கைக்கு வர்ற நேரம். கோயில்ல ஓலை வாசிச்சி, ரிஜிஸ்டர்ல எழுதி, நாளைக்கு எவனாவது மொட்டைப் பெட்டிஷன் போட்டா எல்லாம் பூடும். இந்தக் கல்யாணம் வேணாங்க."

ஐயா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ஒயரைப் பிடுங்காமல் ஹெட்செட்டை மட்டும் கழற்றி வைத்தேன். அடுத்து வந்த காலுக்கு என் குரல் நடுங்கவில்லை என்று அன்றைக்கு ஒரு பெருமை வேறு.

அம்மாவிடம் சொல்லவில்லை. ஐயா வந்து சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஏழு பேர். கடுக்காய் மூட்டையோடு மலையிலிருந்து இறங்கி, திரும்பிப் போக பஸ் இல்லாமல் கோயில் தாழ்வாரத்தில் தங்கியிருந்த ஒரு பெண்ணும் அதில் சேர்த்தி. ஐயா பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாட்டு வந்தபோது அந்த மலைக்காரப் பெண் என் பக்கம் சாய்ந்து, "ஏம் புள்ள, நீ பாடலியா?" என்றாள். இல்லையென்று தலையாட்டினேன். அவளுக்கும் பாட்டு தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு, வார்த்தை தெரியாத இடத்திலெல்லாம் ம்ம் என்று இழுத்தாள். அவள் உள்ளங்கையில் கடுக்காயின் துவர்ப்பு வாசனை. ஓலை வாசிக்கவில்லை. வாசலில் ஐயா என் முகத்தைப் பார்க்காமல், "ஓலைய அடுத்த வாரம் பாக்கலாம்மா" என்றார். போதகரும் பொய் சொல்வார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐயா எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முழங்காலுக்குக் கீழே நீளமாகக் கிழிந்து, ரத்தம் காய்ந்திருந்தது. வேட்டியெல்லாம் செம்மண். அம்மா பதறிப்போய்த் தண்ணீர் எடுக்கப் போனாள்.

"திருக்கோவிலூர் போயிருந்தேம்மா" என்றார்.

நாற்பது கிலோமீட்டருக்கு மேல். மரம் கிடந்த இடத்திலெல்லாம் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கியிருக்கிறார். ஐம்பது வயது மனிதர்.

"எனக்கு விஷயம் தெரியுங்க. நான் லைன்ல கேட்டுக்கினு இருந்தேன்" என்றேன்.

"தெரியும்மா. பேசுங்கன்னு சொன்னது உன் குரல்தான? உனக்குத் தெரிஞ்சிபோச்சின்னுதான் உன் மூஞ்சியப் பாக்க முடியல. எதுனா மாத்திட்டு வந்து சொல்லலாம்னு நெனச்சேன்."

"கோயில்ல வேணாம், வேற எங்கனா வெச்சிக்கலாம்னு சொல்லிப் பாத்திருக்கலாமேங்க."

"அதையும் சொன்னேன். ஓலை வேணாம், ரிஜிஸ்டர் வேணாம், வூட்டுக்கு வந்து ஜெபம் பண்ணிட்டுப் போறேன்னு சொன்னேன். சொல்லலாமா கூடாதான்னு தெரியல. சொல்லிட்டேன். பொண்ணு சர்டிபிகேட்லயே கிறிஸ்டியன்னு கீதேன்னு அவங்க ஒத்துக்கல."

அம்மா கொண்டுவந்த தண்ணீரில் டெட்டால் ஊற்றி அவர் காலைத் துடைத்தேன். ஜெபம் செய்யக் கண்ணை மூடினார். "ஆண்டவரே" என்றார். பிறகு கண்ணைத் திறந்து, "ஜெபம் வரலம்மா" என்றார்.

எனக்குக் கோபம் இருந்த இடத்தில் ஏதோ இளகியது. காயத்திலிருந்த மரத்தூளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தேன். தனியாக இல்லை என்று தோன்றியது. ஐயா இருந்தார், அம்மா இருந்தாள். ஆனால் அவர்களை மட்டும் சொல்லவில்லை. வேறு யாரென்று கேட்டால் ஒரு பெயர் சொல்லலாம். சிறுவயது முதல் சொல்லிப் பழகிய பெயர்தான். அந்தப் பெயர் என் சர்ட்டிபிகேட்டில் ஏறியதால்தான் கல்யாணம் நின்றது. அதே பெயரில்தான் அன்றைக்கு ஆறுதலும் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு இன்னும் தெரியவில்லை.

டேவிட்டுக்கு வேலை கிடைத்தது. எங்கோ மண்டபத்தில் கல்யாணம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். அவரைத் திட்ட மனம் வந்ததில்லை. அதன் பிறகு எனக்கு வரன் எதுவும் அமையவில்லை. கணவன் வேண்டும், ஒரு குழந்தை வேண்டும் என்று எத்தனையோ வருஷம் ஜெபித்தேன். பிறகு எப்போது நிறுத்தினேன் என்பதே நினைவில்லை. கூட வேலை பார்த்த சிநேகிதி ஒருமுறை, "கேட்டது ஒண்ணும் கெடைக்கல. இதுல இன்னாடி ஆறுதல்?" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை.

எக்ஸ்சேஞ்சில் நாங்கள் ஒயர் செருகிய அந்த போர்டையெல்லாம் கழற்றி எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டார்கள். வெட்டிய புளிய மரங்களுக்குப் பதில் யாரும் கன்று நடவில்லை, சாலை அகலமாகிவிட்டது. ஞானமணி ஐயா மாற்றலாகிப் போன ஊரிலேயே இறந்தார். எனக்குத் தெரிந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. இப்போது நல்லதும் கெட்டதும் செல்போனில் ஒரு வரியாக வந்துவிடுகிறது. உனக்காகப் போய்க் கேட்டேன், கிடைக்கவில்லை என்று சொல்வதற்காக ரத்தக் காலோடு வீட்டுக்கு வருகிற மனிதர் ஒருவரும் மிச்சமில்லை.