திருமதி இருளாயி வேபர்

இலங்கையில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் பெரிய கிளாக்கராக இருந்த கடைசி வருஷம், ஜெர்மனியிலிருந்து ஓர் அம்மா வந்தார். வேபர் என்ற தன் குடும்பப் பெயர் எங்கெங்கே போய்ச் சேர்ந்தது என்று தேடுகிறாராம். வேபர் என்றால் நெசவாளி. மில் வந்து தறி படுத்ததும் பிள்ளைகள் ஆளுக்கொரு திக்காகப் போய்விட்டார்கள். அதில் ஒருவர், பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஆலையில் இன்ஜின் பார்க்க இங்கே வந்திருக்கிறார்.

இரண்டு நாள், ஆள் வரவு எழுதும் பழைய செக்ரோல், பிறப்புப் பதிவு எல்லாம் புரட்டினேன். வேபர் இல்லை. இல்லை என்று சொல்வதில் கிளாக்கர்மாருக்கு ஒரு சுகம் உண்டு. தும்மிக்கொண்டே நானும் சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்த பிறகுதான், அந்த மனிதர் இங்கே யாரோடு வாழ்ந்தார் என்று கேட்டேன். இருளாயி என்றார். எந்தக் கங்காணியின் ஆள் என்றேன். இதெல்லாமா கேட்பார்கள் என்பதுபோல் பார்த்துவிட்டு, தாள்களில் தேடி, முத்துக் கங்காணி என்றார். தோட்டத்தில் ஆளை, வேலைக்குக் கூட்டி வந்த கங்காணி பேரில்தான் தேட வேண்டும். முப்பது வருஷம் வேலை பார்த்த எனக்கு அது தோன்றவில்லை. ஐந்து நிமிஷத்தில் இருளாயி கிடைத்தாள். மகள் லெச்சுமி. தகப்பன் பெயருக்குரிய இடத்தில் வெறும் கோடு.

லெச்சுமியின் பேத்தி செல்வராணி எங்கள் தோட்டத்தில்தான் கொழுந்து எடுக்கிறாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் சண்டை வந்தால், வெள்ளைக்காரன் விட்டுப்போன வம்சம் என்ற பேச்சு அவளுக்குத் தவறாமல் கிடைக்கும். மலையிலிருந்து கூப்பிட்டனுப்பினேன். கூடையை வாசலில் இறக்கிவிட்டு வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் ஒன்றுதான் கேட்டாள்.

"ஐயா, அவரு விட்டுட்டுப் போனாரா, இல்ல புடிச்சிக்கிட்டுப் போனாங்களான்னு கேளுங்க."

பிடித்துத்தான் கொண்டுபோனார்கள். முதல் உலகப் போர் வந்ததும் பிரிட்டிஷ்காரர்கள் அவரை ஜெர்மன்காரர் என்று காவலில் வைத்துக் கப்பலேற்றியிருக்கிறார்கள். அப்புறம் திரும்பி வர விடவில்லை. ஊரிலிருந்து அவர் போட்ட கடிதமெல்லாம் திரும்பிப் போயிருக்கிறது. அந்த அம்மா அந்தக் கட்டை அவிழ்த்து என் மேசையில் வைத்தார். ஒவ்வோர் உறையிலும் திருமதி இருளாயி வேபர் என்ற விலாசம். குறுக்கே சிவப்பு மையில், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று ஆங்கிலத்தில். எனக்கு வெகுகாலம் முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் எழுதியது. தமிழில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொன்னேன்.

"எங்க பூட்டிக்குத் தன் பேரக் குடுத்திருக்காரு," என்றாள் செல்வராணி. உறையொன்றைக் கையில் எடுத்து, "எங்கம்மா இதக் கேக்காமலே போயிருச்சே ஐயா," என்று அழுதாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது.

ஆபீஸுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, பதிவில் பெயர் இல்லையென்றால் எழுந்து லயத்துக்குப் போய்க் கேளுங்கள். அன்று அவர்கள் போன பிறகு அந்த வருஷங்களின் செக்ரோலை எடுத்துப் பார்த்தேன். கடிதங்கள் திரும்பிப் போன அந்தக் காலமெல்லாம் இருளாயி ஒரு நாள் தவறாமல், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து, இந்த ஆபீஸ் வாசலில்தான் பேர் கொடுத்திருக்கிறாள்.